பழைய காரின் பிரேக்: கிலோமீட்டர் காட்டாத முதுமை

பழைய கார் வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். விற்பவரும் தரகரும் எடுத்து வைப்பதும் அந்த எண்ணையே. இஞ்சினின் தேய்மானத்தையும் கிளட்சின் ஆயுளையும் மதிப்பிட அது ஓரளவு உதவும். பிரேக்கைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது. ஏனெனில் பிரேக் அமைப்பிலுள்ள திரவமும் ரப்பர் பாகங்களும் ஓட்டத்தால் தேய்வதைக் காட்டிலும் ஆண்டுகள் கடப்பதாலேயே மிகுதியாகக் கெடுகின்றன. 12 ஆண்டுகளில் 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, பெரும்பாலான நாட்களை வீட்டு வாசலில் உறை போர்த்தியபடி கழித்த கார், பெயிண்டும் இருக்கையும் புதுமை மாறாதிருக்க, பிரேக்கில் மட்டும் அதே வயதுள்ள வாடகைக் காரைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். வாடகைக் காரின் பிரேக்கை எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காகவேனும் யாராவது அவ்வப்போது கழற்றிப் பார்த்திருப்பார்கள். வாசலில் நின்ற காரின் பிரேக்கை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள, பெடலை மிதிக்கும்போது நடப்பதைச் சற்று அறிந்திருக்க வேண்டும். பெடலின் மறுமுனையில் மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு உருளை இருக்கிறது. அதற்குள் ரப்பர் வளையம் பொருத்திய பிஸ்டன் முன்னே தள்ளப்படும்போது, பிரேக் ஆயில் எனப்படும் திரவம் அழுத்தம் பெற்று, இரும்புக் குழாய்களின் வழியாகவும் சக்கரத்தருகே வளைந்து கொடுக்கும் ரப்பர் குழாய்களின் வழியாகவும் நான்கு சக்கரங்களையும் சென்றடைகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதியே இதன் அடிப்படை. அந்த விதியைக் காரின் சக்கரத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917-இல் காப்புரிமை பெற்ற அவருடைய திரவ பிரேக், 1921-இல் டியூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் பொருத்தப்பட்டது. சக்கரத்தை அடைந்த அழுத்தம், டிஸ்க் பிரேக்கில் சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் பேட்களால் கவ்வுகிறது. டிரம் பிரேக்கில் சுழலும் கிண்ணத்தின் உட்சுவரை நோக்கி லைனிங் ஒட்டிய ஷூக்களை விரிக்கிறது. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம்மே இருந்தது. பின்னர் வந்த சிறிய கார்களில் முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் இருப்பது வழக்கமாயிற்று. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரட்டிப்பானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்துவதைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காரை நிறுத்துவது நான்கு மடங்கு கடினம். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 2,50,000 ஜூல் ஆற்றல் சில விநாடிகளில் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது. முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அடுத்தடுத்து அழுத்தும்போது பேட்களின் வெப்பநிலை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதன்று. அந்த வெப்பத்தில் ஒரு பகுதி, பேட்களை அழுத்தும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கும் போய்ச் சேருகிறது. பழைய காரின் ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

பிரேக் ஆயில் என்று அழைக்கப்பட்டாலும் அது எண்ணெய் அன்று. பெரும்பாலான கார்களில் கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும், திரவம் இருக்கும் சிறு தொட்டியின் மூடி வழியாகவும், வண்டி ஓடினாலும் நின்றாலும் ஈரம் நாள்தோறும் உள்ளே சென்றுகொண்டே இருக்கிறது. தொட்டியின் மூடியில் டாட் 3, டாட் 4 என்று அச்சிடப்பட்டிருப்பவை அதன் தரவகைகள். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு இந்த அளவுகள் முறையே 230 டிகிரியும் 155 டிகிரியும் ஆகும். நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத நீர், திரவத்தின் தாங்குதிறனில் 65 டிகிரியையோ அதற்கு மேலுமோ பறித்துவிடுகிறது.

திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதாலேயே பிரேக் வேலை செய்கிறது. ஆவியையோ எளிதில் அமுக்கிவிடலாம். காலால் கொடுக்கும் அழுத்தம் முழுவதும் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொட்டாலும் சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. இந்நிலையைக் குறித்து ஓட்டுநர்களுக்கு எழும் பெரும் குழப்பத்துக்கு விடையும் இதிலேயே இருக்கிறது: அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தால் ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமாகிவிடுவதால், மெக்கானிக் வந்து பார்க்கும்போது பெடல் கெட்டியாக நிற்கும், பிரேக் பிடிக்கும், கசிவு எதுவும் தென்படாது. காரணம் தெரியாத பிரேக் கோளாறு என்று கைவிடப்படுபவற்றில் இத்தகையவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மாற்ற வேண்டும் என்று பல கார் நிறுவனங்கள் கையேட்டில் எழுதியிருக்க, குறைந்தால் ஊற்றுவதே பராமரிப்பு என்று கருதப்படுவது இந்த விஷயத்தில் நிலவும் மிகப் பெரிய தவறு.

மலைப்பாதையில் இறங்கும்போது இந்தத் தவறு வெளிப்படுகிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரிலிருந்து 330 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டி சுமார் 1,500 மீட்டர் செங்குத்து உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியிருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வண்டியை அடுத்தடுத்து ஏறத்தாழ 60 முறை முழுமையாக நிறுத்துவதற்கு அது சமமாகும். எந்தச் சாதாரணக் காரின் பிரேக்கும் அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. இரண்டாவது கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில் இறங்க வேண்டும் என்று மலைச்சாலைப் பலகைகள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். தாழ்ந்த கியரில் இஞ்சினே சக்கரத்தைப் பிடித்து இழுத்து, பிரேக்கின் சுமையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் போட்டு, சிலர் இஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். அவ்வாறு செய்பவர் இஞ்சினின் பிடிப்பை இழப்பதோடு, அடுத்துச் சொல்லப்படும் பூஸ்டரின் துணையையும் இழக்கிறார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நேர்ந்த விபத்துகளில், சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியது திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது.

பூஸ்டர் என்பது பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே உள்ள, தட்டையான பெரிய டப்பா வடிவ உறுப்பு. பெட்ரோல் இஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு அது கால் அழுத்தத்தைப் பல மடங்காக்கித் தருகிறது. டீசல் வண்டிகளில் இதற்கெனத் தனிப் பம்பு இருக்கும். இஞ்சின் அணைந்தபின் டப்பாவில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும். அதன்பின் பெடல் கல்லாக இறுகிவிடும். பழைய காரில் பூஸ்டரின் உட்சவ்வு கிழிந்தாலோ, வெற்றிடக் குழாய் வெடித்தாலோ, இஞ்சின் ஓடும்போதே இந்நிலை வரும். சோதிப்பது எளிது: இஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்தால், நல்ல பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் சற்றுக் கீழே இறங்கும்.

திரவத்துக்கு அடுத்தபடியாகக் காலத்தால் கெடுவது ரப்பர். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் கப் இறுகியோ கிழிந்தோ போனால், திரவம் வெளியே சிந்தாமலேயே கப்பைத் தாண்டிப் பின்னால் வழிந்துவிடுகிறது. தொட்டியில் அளவு குறையாது, சக்கரத்தில் ஈரம் தெரியாது. ஆனால் சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும்போது அது மெல்ல மெல்ல அடியில் இறங்கிக்கொண்டே போகும். இந்த ஒரு அறிகுறி தெரிந்த வண்டியை அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். மிதித்தவுடன் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தபின் கெட்டியானால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். மெக்கானிக்குகள் இதை ஏர் பிடித்துவிட்டது என்பார்கள். காற்றை வெளியேற்றுவது சில நிமிட வேலைதான் என்றாலும், காற்று புகுந்த வழியைக் கண்டுபிடிக்காமல் ஏர் எடுப்பதால் மட்டும் பயனில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தி அடிப்பதிலும் ஆபத்து உண்டு. வழக்கமாக பிஸ்டன் போகாத உருளையின் கடைசிப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் துரு படிந்திருக்குமாதலால், அதன்மேல் உராய்ந்து அதுவரை நன்றாக இருந்த கப் கிழிந்துவிடக்கூடும். பிரேக் சரிபார்த்த மறுவாரமே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்னும் புகாருக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு பிழை இதைவிடக் கொடியது. அவசரத்துக்குக் கையில் கிடைத்த இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ பிரேக் தொட்டியில் சிறிதளவு ஊற்றினாலும், பிரேக் ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காதவை என்பதால், ஊதிப் பெருத்து உருவிழந்துவிடும். அதன்பின் திரவத்தை மாற்றினால் போதாது. அமைப்பிலுள்ள ரப்பர் ஒவ்வொன்றையும் மாற்றியே ஆக வேண்டும். சக்கரத்தருகே உள்ள ரப்பர் குழாய் மற்றொரு வகையில் ஏமாற்றக்கூடியது. வெளியே வெடிப்பு எதுவும் இல்லாமல் உட்சுவர் மட்டும் வீங்கித் துளை சுருங்கிவிட்டால், மிதிக்கும் விசையில் திரவம் உள்ளே போகுமே தவிர, காலை எடுத்தபின் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடித்தபடியே ஓடி, கருகிய நாற்றம் வீசும். பேட்களை அழுத்தும் காலிப்பரைக் குறை சொல்லிப் புதிதாக மாற்றிய பிறகும் கோளாறு தீராமல், கடைசியில் ஒரு சாண் ரப்பர் குழாயில் வந்து முடிவது பட்டறைகளில் வழக்கமாகக் காணும் காட்சி.

வாங்கும் முன்பே கண்ணால் காணக்கூடிய தடயங்கள் சில உண்டு. பிரேக் திரவம் பெயிண்டைக் கரைக்கும் தன்மையுடையது; ஆகவே பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே பூஸ்டரின் கருப்பு மேற்பரப்பைப் பார்த்தால், பெயிண்ட் கொப்பளித்தோ செதிளாக உரிந்தோ இருக்குமானால், அந்தச் சிலிண்டரின் பின்பக்க ரப்பரில் நெடுநாளாகக் கசிவு இருந்திருக்கிறது என்று அறியலாம். திரவத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும்: புதியது ஏறத்தாழ நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும், பழையது பழுப்பாகிப் பின் கருத்துவிடும். சக்கரத்தின் உட்புறத்தில் டயரின் பக்கவாட்டில் வழிந்து காய்ந்த கறையும், டிரம்மைக் கழற்றினால், ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரின் தூசிமறைப்பு ரப்பரை விரலால் சற்றுத் தூக்கும்போது உள்ளே காணும் ஈரமும் கசிவின் நேரடிச் சான்றுகள். கசிந்த திரவம் நனைத்த லைனிங்கைத் துடைத்துவிட்டோ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோ மீண்டும் மாட்டுவது எவ்வகையிலும் ஏற்கத் தக்கதன்று. அத்தகைய சக்கரம் ஒன்று இருந்தாலே, பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பேட் தேய்ந்து கீச்சிடுவது, தேய்ந்து முடிந்து இரும்போடு இரும்பு உரசி அரைப்பது, டிஸ்க் சீரற்றுப் போய் பெடல் அதிர்வது ஆகியவை காதுக்கும் காலுக்கும் தாமாகவே தெரிபவை. அவற்றைக் கவனிக்காமல் விடுபவர்கள் குறைவு. பேட் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். டிரம்மையும் டிஸ்கையும் லேத்தில் கடைந்து மீண்டும் பயன்படுத்துவதற்கு, அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும் எல்லையளவு இடம் தருகிறதா என்று அளந்து பார்ப்பது கட்டாயம்.

தமிழ்நாட்டில் பழைய கார் வாங்குவோர் கூடுதலாகக் கருத வேண்டியவை இரண்டு. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியின் இருக்கையையும் தரைவிரிப்பையும் மாற்றுபவர்கள், டிரம்முக்குள் படிந்த சேற்றையும் ஹேண்ட் பிரேக் கேபிளுக்குள் புகுந்த நீரையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மற்றொன்று கடற்கரைக் காற்றின் உப்பு. அது வண்டியின் அடிப்பகுதியில் ஓடும் இரும்புக் குழாய்களை வெளியிலிருந்து அரிக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் அமெரிக்காவில், 1999 முதல் 2003 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த சில பெரிய வண்டிகளில் பிரேக் குழாய்கள் இவ்வாறு துருப்பிடித்து வெடித்த புகார்களை அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அடிப்பகுதியைக் கழுவிச் சுத்தமாக வைத்திருக்கவும் குழாய்களைச் சோதித்துக்கொள்ளவும் உரிமையாளர்களை 2015-இல் அறிவுறுத்தியது.

ஒரு குழாய் வெடித்தாலும் பிரேக் முழுவதும் போய்விடக் கூடாது என்பதற்காகவே, பிற்காலக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இரு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட பல கார்களில் ஒரு சுற்று இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் கவனிக்க, மற்றது எதிர்மூலைகளைக் கவனிக்கிறது. ஆகவே பெடல் திடீரென ஆழத்தில் இறங்கினால், பிரேக் போய்விட்டது என்று காலை எடுத்துவிடாமல், முழுப் பலத்தோடு தொடர்ந்து அழுத்த வேண்டும். மற்றச் சுற்று அந்த ஆழத்தில்தான் பிடிக்கத் தொடங்கும். அதுவும் இல்லையென்றால் பெடலை விரைவாகப் பலமுறை அடித்துக்கொண்டே, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அதைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஓடும்போது சாவியைத் திருப்பி இஞ்சினை அணைக்கவே கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிள் திரவத்தைச் சாராமல் பின்சக்கரங்களை நேரடியாக இழுப்பது என்பதால் அதுவே கடைசிக் காப்பு. பழைய கார்களில் பயன்படுத்தாமலேயே துருப்பிடித்து இறுகிக் கிடப்பதும் அதுவே.

விபத்துகளில் பிரேக் கோளாறின் பங்கு மிகைப்படுத்தியே சொல்லப்படுகிறது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை நடத்தப்பட்ட விரிவான கள ஆய்வில், விபத்துக்கு இறுதிக் காரணமாக வண்டியின் கோளாறு அமைந்தவை ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே; அவற்றில் டயருக்கு அடுத்தபடியாக பிரேக்கின் பங்கு சுமார் 22 விழுக்காடு. பிரேக் பிடிக்கவில்லை என்று ஓட்டுநர் சொல்வதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதுமில்லை. இயந்திரக் கோளாறால்தான் விபத்து நேர்ந்தது என்று வாதிடும் உரிமையாளரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றும், உரிய கவனம் எடுத்திருந்தும் கண்டறிய முடியாதபடி அந்தக் கோளாறு மறைந்திருந்தது என்று அவர் காட்ட வேண்டும் என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கறுத்துப்போன திரவமும் கசியும் ரப்பரும் கண்டறிய முடியாதவை என்று யாரும் வாதிட முடியாது.

அரசின் சோதனையை நம்பியிருக்கவும் வழியில்லை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகிறது. அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதுதான் வண்டி ஆய்வுக்குக் கொண்டுவரப்படுகிறது. 10 அல்லது 12 ஆண்டுப் பழைய காரை வாங்குபவர், அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் ஒருமுறைகூடப் பார்க்காத வண்டியையே பெரும்பாலும் வாங்குகிறார். ஆகையால், அத்தகைய காரை வாங்குவோர் இசை அமைப்புக்கும் இருக்கை உறைக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன், நான்கு சக்கரங்களையும் கழற்றச் செய்து நேரில் நின்று பார்த்து, திரவத்தை முழுவதுமாக மாற்றி, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் ஆகியவற்றின் ரப்பர் கிட்டுகளையும் எல்லா ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டு, மாற்றிய தேதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகே அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்ற வேண்டும்.